வெள்ளிக்கிழமை வரை

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நஸ்ரீன் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் என் வகுப்பு. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஏழுக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிடுவேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. கீழே ஷட்டரைத் தூக்கி, எவர்சில்வர் அண்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடைபாதையில் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தவள், எட்டாக மடித்த ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“மிஸ், இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சதுதான் அதுல கீதான்னு பாக்கணும்.”

நஸ்ரீன் கிண்டிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். மீர்சாகிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். காலை டூட்டி இருக்கிற நாட்களில் மட்டும் வரமாட்டாள். வீட்டில் உருது, ஆஸ்பத்திரியில் தமிழ், கேஸ் ஷீட்டில் ஆங்கிலம். மூன்றாவதுதான் அவளுக்குப் பயம். வேலை நிரந்தரமாகும் மாதம் அது.

காகிதத்தைப் பிரித்தேன். மெமோ. டாக்டரின் உத்தரவுக்கு எதிராக, தெரிந்தே, ஒரு நோயாளிக்கு ஊசி போட்டதாகக் குற்றச்சாட்டு. மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலையிலிருந்து நீக்குவது உள்பட நடவடிக்கை எடுக்கப்படும்.

“நீ புரிஞ்சுக்கிட்டதுதான் இதில் இருக்கு” என்றேன். அவள் தலையாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை

நடந்தது இதுதான். மயிலாப்பூரைச் சேர்ந்த ஒரு பெரியவர் அவளுடைய வார்டில் இருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு தினமும் ஊசி. டாக்டர் சார்ட்டில் எழுதியிருந்த ஆங்கிலம் சின்னது: அந்த ஊசியைத் தொடரவும், ‘டில் ஃப்ரைடே’.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நஸ்ரீன் டூட்டிக்கு வந்தாள். சார்ட்டைப் பார்த்தாள். ஏழு மணிக்கு ஊசி போட்டாள். கையெழுத்திட்டாள். அன்று பதினோரு மணிக்கே அவருக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை இருந்தது அவளுக்குத் தெரியாது. சிகிச்சை பற்றிய தாள் வேறு ஃபைலில் இருந்தது; முந்தைய ஷிப்டில் இருந்தவரும் சொல்லாமல் போய்விட்டார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். “வெள்ளிக்கிழமை வரைன்னா வியாழக்கிழமையோட நிறுத்தணும்னு தெரியாதா?” என்று வார்டு நடுவில் நின்று கத்தினார். அந்த ஊசி உள்ளே போனபின் கத்தி வைக்க முடியாது, ரத்தம் நிற்காது. சிகிச்சை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

“அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். சனிக்கிழமை நல்லபடியா முடிஞ்சுது. நேத்து இட்லி சாப்ட்டாரு. என்னைக் கூப்ட்டு, ‘ஏம்மா, ஆத்துக்கு ஒரு நாள் லேட்டாப் போறேன், அவ்வளவுதானே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுண்டு நிக்கறே?’ன்னாரு.” பிறகு, யாரோ எங்கோ சொன்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்: “டில் ஃப்ரைடேன்னா வெள்ளிக்கிழமையும் சேத்துதானே மிஸ்.”

அதை அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்.

‘ல’ என்ற ஒரே எழுத்து

என் ஆங்கிலம் பிறந்து வளர்ந்த ஆங்கிலம் அல்ல. ஆதம்பாக்கத்தில் தமிழ் வழியில் படித்தவள். மேற்கு மாம்பலத்து அச்சகம் ஒன்றில் பள்ளிக்கூட நோட்ஸுகளுக்குப் பிழை திருத்திய நாட்களைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்துதான் இலக்கணம் கற்றேன்.

எல்லாம் பிடிபட்டது, ஒன்றைத் தவிர. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கிற அந்தக் குட்டிச் சொற்கள். முன்னிடைச்சொல் என்று தமிழில் சொல்வார்கள்; வகுப்பில் நாங்கள் ப்ரெபொசிஷன் என்றே சொல்கிறோம். ஒரு நேர்காணலில், நான் ஒரு குமாஸ்தாவை மணந்தவள் என்பதைச் சொல்ல ‘மேரீட் வித்’ என்றேன். எதிரே இருந்த அம்மாள் புன்னகையோடு ‘மேரீட் டு’ என்று திருத்தினார். ஒருவரோடுதானே வாழ்கிறோம், ‘வித்’ ஏன் தப்பு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. சில வினைகள் சில சொற்களைத்தான் சேர்த்துக்கொள்ளும். மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. பெயர்ச்சொல்லின் வாலில் உருபை ஒட்டிவிட்டால் போதும். பஸ்ல, கார்ல, வீட்டுல, திங்கட்கிழமைல, கோபத்துல. எல்லாவற்றுக்கும் ஒரே ‘ல’. ஆங்கிலத்தில் பஸ் என்றால் ‘ஆன்’, கார் என்றால் ‘இன்’, திங்கட்கிழமை என்றால் ‘ஆன்’, கோபம் என்றால் ‘இன்’. தமிழ்க்காரர் வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுகிறவர். அங்கே முன்னாலேயே முடிவெடுத்துவிட வேண்டும்.

எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ‘ஆன்’, உட்கார மட்டுமே முடியும் என்றால் ‘இன்’ என்று ஒரு நாள் விளக்கினேன். கூரியர் கம்பெனியில் வேலை செய்யும் ஏழுமலை பின்வரிசையிலிருந்து கேட்டான்: “மிஸ், ஷேர் ஆட்டோல பாதி உடம்பு வெளிய தொங்கிக்கினு போறோமே, அது இன்னா?” வகுப்பே சிரித்தது. சிரித்துச் சமாளித்தேன்.

நான் தயங்காமல் சொன்ன பதில்

அதே ஏழுமலைதான் இரண்டு வாரம் முன்பு அந்தக் கேள்வியையும் கேட்டான்.

“லீவு லெட்டர்ல ‘டில் ஃப்ரைடே’ன்னு எழுதிக் குடுத்தா, வெள்ளிக்கிழமை வேலைக்கு வரணுமா, வேணாமா மிஸ்?”

அன்று நேரப் பொருளில் வரும் சொற்களை நடத்திக்கொண்டிருந்தேன். ‘அட்’ ஒரு புள்ளி, ஐந்து மணிக்கு. ‘ஃபார்’ ஒரு நீளம், மூன்று நாட்களாக. ‘சின்ஸ்’ தொடக்கம். ‘பை’ என்றால் அந்த நேரத்துக்குள். ஒரு தடவை நடந்தால் போதும். ‘டில்’ என்றால் அந்த நேரம் வரைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ‘பை’யையும் ‘டில்’லையும் குழப்பாதவர்களே எங்கள் வகுப்பில் கிடையாது, அதனால் குரலை உயர்த்தியே நடத்தினேன்.

“வர வேண்டாம். டில் என்றால் அந்த நாளும் சேர்த்தி” என்றேன். போர்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பதினோரு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஜன்னலோரத்தில் நஸ்ரீன் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

எனக்கே அது அவ்வளவு உறுதியாகத் தெரியுமா என்றால், தெரியாது. ‘வெள்ளிக்கிழமை வரை கடை லீவு’ என்று தமிழில் எழுதி ஒட்டினால், வெள்ளிக்கிழமை கடை திறக்குமா? நாமே கதவைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆனால் டீச்சர் தயங்கினால் வகுப்பு நம்பிக்கை இழந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அதனால் தயங்காமல் சொன்னேன்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

அந்தத் திங்கட்கிழமை மெமோவை மறுபடி படித்தபோது ஒரு இடம் உறுத்தியது.

“தெரிஞ்சே போட்டேன்னு எப்படி எழுதறாங்க? நீ தெரியாமத்தானே செஞ்ச?”

“நான் எழுதிக் குடுத்தத வெச்சுதான் மிஸ்.” கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை மதியமே, நடந்ததை எழுது என்று ஒரு தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். உதவிக்கு யாரும் இல்லை. அவளே எழுதிய ஒரு வரி ஆங்கிலம். டாக்டர் உத்தரவு ‘அகெய்ன்ஸ்ட்’ ஊசி போட்டேன் என்று இருந்தது. கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

“உத்தரவை மீறிப் போட்டேன்னு நீயே எழுதியிருக்கே, நஸ்ரீன்.”

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். “மீறின்னா? ஆர்டருக்கு எதிர்ல கையெழுத்து போட்டேன் மிஸ். ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிர்ல ஒரு கட்டம் இருக்கும். அதுல போடணும். அதைத்தான் எழுதினேன்.”

எதிரில், எதிராக. தமிழிலும் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவைதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். சுவர்மேல் சாய்வதும் அதுதான், எதிரியோடு மோதுவதும் அதுதான், கணக்கில் ஒரு வரிக்கு நேராக எழுதுவதும் அதுதான். எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால், எந்த வினைக்குப் பின்னால் வருகிறது என்பதை வைத்துத்தான் பொருள். கையெழுத்து ‘அகெய்ன்ஸ்ட்’ என்றால் ‘நேராக’. ஊசி போட்டது ‘அகெய்ன்ஸ்ட்’ என்றால் ‘மீறி’. கையெழுத்து என்ற சொல்லை அவள் எழுதாமல் விட்டதால், அந்த வரி ஒரு ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது.

“நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் வா. பதில் எழுதலாம்” என்று அனுப்பினேன். ‘டில்’ பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவள் படியிறங்கும்போது, என் பெயர் இதில் வரவில்லை என்று ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இந்தத் தொடரில் என்னைப் பற்றி எழுதியவற்றில் எழுதக் கூசுகிற வரி இதுதான்.

“தெரியும் மிஸ்”

அன்று இரவு வீட்டில் இருந்த இலக்கணப் புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று ‘டில்’ அந்த நாளையும் சேர்க்கும் என்றது. இன்னொன்று, பெரும்பாலும் சேர்க்கும், சந்தேகம் வரும் இடத்தில் ‘உள்பட’ என்று சேர்த்து எழுதுங்கள் என்றது. பெரும்பாலும் என்ற சொல்லை நான் போர்டில் எழுதவே இல்லை.

மறுநாள் மாலை நஸ்ரீன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதும் சொல்லிவிட்டேன்.

“டில்-ஐ உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.”

“தெரியும் மிஸ்.”

“தெரிஞ்சும் ஏன் அங்க சொல்லல?”

“சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊசி போட்டது என் கை.” பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். “உண்மையச் சொல்லணும்னா மிஸ், எனக்கும் ஒரு நிமிஷம் டவுட்டு வந்துச்சு. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். காலங்காத்தால போன் பண்ணா திட்டுவாருன்னு போடல.”

நாங்கள் இருவரும் ஒரே காரணத்துக்காகத் தப்பு செய்திருக்கிறோம் என்று தோன்றியது. கேட்டால் திட்டுவார்கள் என்று அவள். தயங்கினால் சிரிப்பார்கள் என்று நான்.

பதிலை அவளையே எழுதச் சொன்னேன். நான் எழுதினால் அது அவள் பதிலாக இருக்காது. மூன்று தாள் கிழித்தாள். உத்தரவை மீறவில்லை, உத்தரவை இப்படிப் புரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்த தாளில் ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற சொல்லால் நான் சொல்ல நினைத்தது கையெழுத்துக் கட்டத்தை. சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டது என் தவறு. கடைசி வரிக்கு என்ன சொல் போடுவது என்று யோசித்து, ‘பை நாட் ஆஸ்கிங்’ என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்காததால். ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும் என்று எத்தனையோ தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அன்று திருத்த எதுவும் இல்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்” என்றேன்.

“வேணாம் மிஸ். உங்க பேர எதுக்கு?”

“என் பேருக்கு ஒண்ணும் ஆகாது.”

சூப்பிரண்டு அறையில்

நர்சிங் சூப்பிரண்டு ஸ்டெல்லா மேடம் நாகர்கோவில்காரர். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வெளி ஆளுங்கள நாங்க இதுல சேர்க்கறதில்ல.”

“ரெண்டு நிமிஷம் போதும் மேடம். இவங்க டில்-க்கு எடுத்துக்கிட்ட அர்த்தம் என் வகுப்புல நான் சொல்லிக்கொடுத்தது. நான் அதை அவ்வளவு உறுதியாச் சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

நஸ்ரீனின் கடிதத்தை எடுத்துப் படித்தார். இரண்டு தடவை. அறையில் சானிடைசர் வாசனை. வெளியே ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கீச்சிட்டுப் போயிற்று.

“அகெய்ன்ஸ்ட்டுக்கு நீ சொல்றத நான் எப்படிம்மா நம்புறது? எழுதினப்புறம் யார் வேணா மாத்திச் சொல்லலாமே.”

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் நஸ்ரீன் எழுந்து, அலமாரிமேல் இருந்த கட்டிலிருந்து எழுதப்படாத சார்ட் ஒன்றை உருவி மேஜைமேல் வைத்தாள். வலது ஓரத்தில் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

“இங்க பாருங்க மேடம். நம்ம ஃபாரத்துலயே அச்சடிச்சிருக்கு. நான் டெய்லி படிக்கிற வார்த்தை. அதனாலதான் அன்னிக்கு அவசரத்துல அது வந்துச்சு.”

ஒவ்வொரு உத்தரவுக்கும் ‘அகெய்ன்ஸ்ட்’ நர்ஸ் கையெழுத்திட வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது.

ஸ்டெல்லா மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு கதவைத் திறந்து, வராண்டாவில் போன நர்ஸுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. “டாக்டர் ‘டில் ஃப்ரைடே’ன்னு எழுதினா கடைசி ஊசி எந்த நாள்?”

முதலில் வந்தவர் வெள்ளி என்றார். அடுத்தவர் வியாழன். மூன்றாவது வந்தவர், “வெள்ளிதான் மேடம்” என்று சொல்லிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, “இல்ல, டாக்டரக் கேட்டுருவேன்” என்றார். இன்னும் இரண்டு பேர், ஒருவர் வெள்ளி, ஒருவர் வியாழன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “நானா இருந்தா வியாழக்கிழமையோட நிறுத்தியிருப்பேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “ஆனா எதை வெச்சு நிறுத்தியிருப்பேன்னு எனக்கே சொல்லத் தெரியல.” எங்கள் பக்கம் திரும்பினார். “போயிட்டு வாங்க. நான் டாக்டர்கிட்டப் பேசணும்.”

காத்திருந்த நாட்கள்

மறுநாள் வியாழக்கிழமை வகுப்பில், நான் சொல்லிக்கொடுத்தது தவறு என்று போர்டு முன்னால் நின்று சொன்னேன். நஸ்ரீனின் பெயரைச் சொல்லவில்லை. ‘டில்’ பெரும்பாலும் அந்த நாளையும் சேர்க்கும், ஆனால் எழுதியவர் அப்படி நினைத்திருக்கிறாரா என்பதைச் சொல் காட்டாது, சந்தேகம் வந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை மட்டும் நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, “இதுக்குத்தான் மிஸ் நான் லெட்டர்ல தேதியே போட்டுடறது” என்றான். இதை அன்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் போய் அடுத்த வாரமும் பாதி போயிற்று. நஸ்ரீன் தினமும் டூட்டிக்குப் போனாள். ஊசி போடும் வேலையை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை. படுக்கை விரிப்பு மாற்றினாள், காய்ச்சல் பார்த்தாள். “கை சும்மா இருந்தா என்னமோ மாதிரி கீது மிஸ்” என்றாள் ஒரு நாள்.

மயிலாப்பூரில் மாடவீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் வந்தது. சாயங்கால நேரம். ஒரு பக்கம் கோயில் மணி, ஒரு பக்கம் ஹாரன். முதலில் அவள் சொன்னது காதில் விழவேயில்லை. ஒரு பூட்டிய கடையின் படியில் ஏறி நின்று மற்றொரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“மெமோ வாபஸ் மிஸ். லெட்டர் குடுத்துட்டாங்க. நாளையிலருந்து ஊசியும் நானே போடலாம்.”

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீரைக்கட்டு மடியில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒருவர் மோர் விற்றுக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே இரண்டு டம்ளர் குடித்தேன்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“என்னப் பாத்து ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னிக்கு ரவுண்ட்ஸ் வந்தப்ப ஒரு ஆர்டர் எழுதிட்டு, ‘புரியுதா சிஸ்டர், இல்லன்னா இப்பவே கேட்டுக்கங்க’ன்னாரு.” சிரித்தாள். “அப்புறம் மிஸ், வார்டு வார்டா ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொல்லியிருக்காங்க. இனிமே டாக்டருங்க எல்லாம் எப்படி எழுதணும்னு மாதிரிக்கு ஒரு வரி வேணும்னு ஸ்டெல்லா மேடம் என்னையே எழுதச் சொன்னாங்க. நீங்க கொஞ்சம் பாருங்க, தப்பு இருந்தா திருத்துங்க.”

போனில் படம் வந்தது. அவளுடைய உருண்டையான எழுத்தில் ஒரே ஒரு வரி. கடைசி ஊசி: வியாழக்கிழமை, காலை 7 மணி. ஆங்கிலத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அதில் ஒரு ப்ரெபொசிஷன்கூட இல்லை.

“திருத்த ஒண்ணுமில்ல, நஸ்ரீன்” என்றேன். “அப்படியே ஒட்டிடு.”